மூன்று முறை நட்டும் ஆவாரை பிழைக்கவில்லை. எங்கே தவறு?

தேரிக்காட்டான் · 23 ஜூலை 2023

சாத்தான்குளம் பக்கம் எனக்கு முப்பது சென்ட் செம்மண் நிலம் இருக்கிறது. வடக்கு எல்லையில் எழுபது அடிக்கு முள்கம்பி போட்டிருக்கிறேன். அதை ஒட்டி ஆவாரையை வரிசையாக வளர்த்துவிட்டால் பார்க்க மஞ்சளாக நிற்கும், தண்ணீருக்கும் அலைய வேண்டாம் என்று கணக்குப் போட்டேன். கணக்கு தப்பிவிட்டது.

போன வருடம் மாசியில் ரோட்டோரம் நின்ற இடுப்புயரச் செடிகளில் எட்டைக் கடப்பாரை போட்டு எடுத்து வந்து நட்டேன். நான்கு நாளில் இலை கொட்டியது, பத்தாம் நாள் வெறும் குச்சி. பெரிய செடி என்பதால் தாங்கவில்லை போலும் என்று அடுத்த முறை முழங்கால் உயரச் செடிகளாகப் பார்த்து, மண்கட்டியோடு பெயர்த்து, குழிக்கு ஒரு கூடை தொழுவுரம் போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். அவையும் போய்விட்டன. மூன்றாவதாக ஒரு நர்சரியில் ஆவாரை என்று சொல்லிக் கொடுத்த 12 கன்றுகளை, ஒன்று 60 ரூபாய் என்று வாங்கி வைத்தேன். அவை நன்றாகப் பிழைத்தன. போன மாதம் பூத்தும்விட்டன. பக்கத்துக் காட்டுப் பெரியம்மா வந்து பூவைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது ஆவாரையே இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

லாரிப் புகையைத் தின்றுகொண்டு, யாரும் ஒரு சொட்டு ஊற்றாமல் ரோட்டோரம் நிற்கிற செடி, என் கையில் மட்டும் ஏன் சாகிறது?

மொட்டைமாடி மயில் · 23 ஜூலை 2023

உங்கள் கேள்வியின் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு சொட்டும் ஊற்றாமல் இருந்து பாருங்கள். 😀

நாற்றங்கால் · 24 ஜூலை 2023

தம்பி, முதலில் நர்சரிக்காரர் கொடுத்த செடியைப் பார்த்துவிடுவோம். இலைக்காம்பு தண்டோடு சேருகிற இடத்தைப் பாருங்கள். அசல் ஆவாரையில் அங்கே காது மடல் மாதிரி அகலமான ஒரு பச்சைத் துண்டு, காம்பின் இரு பக்கமும் இருக்கும். இலை முற்றிய பிறகும் அது உதிராது. தாவரவியலில் இதன் பெயரே 'சென்னா ஆரிகுலேட்டா'. ஆரிகுலேட்டா என்றால் காதுள்ளது என்று பொருள். காது இல்லையென்றால் ஆவாரை இல்லை. இன்னொரு அடையாளம், நடு ஈர்க்கில் ஒவ்வொரு ஜோடிச் சிற்றிலைக்கும் நடுவே ஊசி முனை போல ஒரு சிறு சுரப்பி நிமிர்ந்து நிற்கும். காயும் தனி. தட்டையாக, காகிதம் போல மெல்லியதாக, காய்ந்தால் பழுப்பாகிச் சலசலக்கும்.

பூவை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். பேயாவிரை, தகரை, சீமை அகத்தி, சாலை நடுவில் அழகுக்கு வைக்கிற வெளிநாட்டுச் சென்னாக்கள் எல்லாவற்றுக்கும் மஞ்சள் பூதான். பேயாவிரை இலையைக் கசக்கினால் வீச்சம் அடிக்கும்; காய் ஒல்லியாக நீண்டிருக்கும். நீங்கள் வாங்கியது சாலை நடுவில் வைக்கிற வகையாக இருக்கும்.

இனி, பிழைக்காத கதை. ஆவாரை முளைத்த முதல் மாதத்தில் மேலே நான்கு விரல் உயரம்தான் தெரியும். கீழே ஆணிவேர் அதைப் போல இரண்டு மடங்கு போயிருக்கும். மானாவாரி நிலத்துச் செடி. முதலில் தண்ணீருக்கு வழி பார்த்துக்கொண்டுதான் தலையை நீட்டும். முழங்கால் உயரச் செடியை நீங்கள் எவ்வளவு மண்கட்டியோடு பெயர்த்தாலும் அந்த ஆணிவேரை எங்கோ ஓரிடத்தில் அறுத்திருப்பீர்கள். அறுந்த வேரோடு வந்த செடிக்குத் தொழுவுரமும் இரண்டு வேளைத் தண்ணீரும் கொடுத்தால் அழுகாமல் என்ன செய்யும்? செடி உங்கள் கையால் சாகவில்லை, கவனிப்பால் செத்தது.

நான் முப்பது வருடம் நாற்றங்காலில் வேலை பார்த்தவன். ஆவாரையை இடம் மாற்றி நடாதீர்கள். நிற்க வேண்டிய இடத்திலேயே விதையுங்கள்.

தேரிக்காட்டான் · 24 ஜூலை 2023

ஐயா, இப்போதுதான் போய்ப் பார்த்தேன். காது இல்லை. பன்னிரண்டில் ஒன்றுக்குக்கூட இல்லை. பெரியம்மாவிடம் போய் ஒப்புக்கொள்ள வேண்டும்.

விதை எங்கே கிடைக்கும்? விதைத்தால் உடனே முளைக்குமா?

நொய்யல் கரை · 25 ஜூலை 2023

விதைக்கு எதற்குக் கடை? பல்லடம், தாராபுரம் சாலையில் எங்கு வண்டியை நிறுத்தினாலும் கை நிறையப் பறிக்கலாம். உங்கள் பக்கமும் அப்படித்தான் இருக்கும். விதைத்தால் போதும், உரமே வேண்டாம். பயறு குடும்பம் அல்லவா, காற்றிலிருந்து தழைச்சத்தை வேர்முடிச்சில் சேர்த்துக்கொள்ளும். பக்கத்துச் செடிக்கும் கொடுக்கும்.

நாற்றங்கால் · 25 ஜூலை 2023

உரம் வேண்டாம் என்பது சரி, காரணம் தவறு. ஆவாரை பயறு குடும்பம்தான், ஆனால் சென்னா இனத்தில் வேர்முடிச்சு உண்டாவதில்லை. சந்தேகம் இருந்தால் மழைக்குப் பின் ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைத் தட்டைப்பயறு வேரோடு வைத்துப் பாருங்கள். மண்ணுக்கு ஆவாரை கொடுப்பது வேர் வழியாக அல்ல, தழை வழியாக. அந்தக் காலத்தில் நெல் வயலில் ஆவாரந்தழையை வெட்டிப் போட்டு மிதிப்பார்கள். உவர் ஏறிய வயலுக்கு அதைத் தேடிப் போய் வெட்டி வந்ததும் உண்டு.

விதை விஷயம். பழுப்பாகிக் காய்ந்த காயை மட்டும் எடுக்க வேண்டும். கையில் நொறுக்கினால் விதை உதிரும். பொடித் துளை விழுந்த விதையை வீசிவிடுங்கள், உள்ளே வண்டு தின்றிருக்கும். நல்ல விதையின் தோல் கல் மாதிரி. அப்படியே போட்டால் பத்துக்கு ஒன்றிரண்டு முளைக்கும். மீதி மண்ணில் கிடந்து அடுத்த மழைக்கோ அதற்கடுத்த மழைக்கோ எழுந்திருக்கும். செடிக்கு அது நல்ல தந்திரம், நமக்குத்தான் பொறுமை இல்லை.

தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கியதும் விதை மேல் ஊற்றி இரவு முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள். அடுப்பில் வைத்தே விதையைப் போட்டால் பயறு அவித்த கதையாகிவிடும். காலையில் பார்த்தால் சில விதைகள் இரண்டு மடங்கு ஊதியிருக்கும். அவற்றை அன்றே விதையுங்கள். ஊதாதவற்றை உப்புக்காகிதத்தில் ஒரு தேய்ப்புத் தேய்த்து மறுபடி ஊறப்போடுங்கள்.

இப்போது விதைக்காதீர்கள். ஆடிக் காற்றில் உங்கள் தேரிச் செம்மணலில் ஈரம் நிற்காது. ஐப்பசி மழை பிடித்த மறுநாள் போடுங்கள். மூன்றடிக்கு ஒரு குழி, குழிக்கு மூன்று விதை, அரை விரல் ஆழம். எருவும் வேண்டாம், மண்புழு உரமும் வேண்டாம். குழி என்றுகூடச் சொல்லக் கூடாது. மண்ணைக் கொத்திக் கிளறிவிட்டால் போதும்.

மொட்டைமாடி மயில் · 26 ஜூலை 2023

நடுவில் புகுந்து என் சந்தேகத்தையும் கேட்டுவிடுகிறேன். சென்னையில் நான்காவது மாடியில் 20 லிட்டர் பெயின்ட் வாளியில் ஆவாரை வைத்திருக்கிறேன். விதை போட்டு வந்ததுதான், காதும் இருக்கிறது, இப்போதே போய்ப் பார்த்தேன். ஒன்றரை வருடமாகிறது. ஆறடி உயரத்துக்கு ஒல்லியாக வளர்ந்து, காற்றில் சாய்கிறது. பூ மொத்தமே இரண்டு கொத்து. மாதம் ஒருமுறை பஞ்சகவ்யம் கொடுக்கிறேன்.

நாற்றங்கால் · 26 ஜூலை 2023

பஞ்சகவ்யத்தை ரோஜாவுக்குக் கொடுங்கள் அம்மா. ஆவாரைக்கு விருந்து வைத்தால் இலையும் தண்டுமாக ஓடும், பூக்க மறந்துவிடும். இடுப்பு உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். வாளியின் அடியில் மட்டும் துளை போதாது, பக்கவாட்டிலும் அடிப்பக்கம் நான்கு துளை போடுங்கள். மேல் மண் இரண்டு விரல் ஆழத்துக்குக் காய்ந்த பிறகுதான் தண்ணீர்.

செகந்திராபாத் வாசி · 28 ஜூலை 2023

இங்கே இதற்குத் தங்கேடு என்று பெயர். தெலங்கானாவின் மாநிலப் பூவே இதுதான். பதுக்கம்மா பண்டிகைக்குப் பெண்கள் பூக்களை வட்ட வட்டமாகக் கோபுரம் போல அடுக்கும்போது, குனுகுப் பூவோடு தங்கேடும் இல்லாமல் நடக்காது. அந்த ஒன்பது நாளும் மார்க்கெட்டில் ஆவாரம்பூவைக் கட்டுக்கட்டாகக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று ஊரில் அம்மாவிடம் சொன்னால் நம்பவே மாட்டேன் என்கிறார்.

அந்த ஆசையில் எங்கள் அடுக்ககத்தின் கிழக்குப் பக்கம் மூன்று விதை போட்டேன். மூன்றும் முளைத்தன, மூன்றும் வெளிச்சத்தைத் தேடி மதில் பக்கம் சாய்ந்துகொண்டே போயின. காலை பத்து மணிக்கு மேல் அங்கே கட்டட நிழல். இரண்டு வருடம் காத்திருந்தும் ஒரு மொட்டில்லை. நாள் முழுக்க வெயில் இல்லாத இடத்தில் யாரும் முயல வேண்டாம்.

பழைய ஏடு · 30 ஜூலை 2023

ஆவாரை, ஆவாரம் என்று எழுதுகிறீர்கள். சங்க இலக்கியத்தில் ஆவிரை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் ஆவிரையும் உண்டு. காதலில் தோற்றவன் பனைமட்டைக் குதிரையில் ஏறி மடலூரும்போது எருக்கோடும் பூளையோடும் சூடிக்கொள்வதும் இதைத்தான்.

தேரிக்காட்டான் · 30 ஜூலை 2023

மூன்று முறை தோற்றவன் நான். பனைமட்டைக்கும் எங்கள் ஊரில் பஞ்சமில்லை ஐயா.

தோல்ஷாப் பேரன் · 2 ஆகஸ்ட் 2023

இந்த இழையைத் தற்செயலாகப் பார்த்தேன். என் தாத்தா திண்டுக்கல்லில் தோல் ஷாப்பில் வேலை செய்தவர். எனக்கு ஆவாரை என்றால் பூ நினைவுக்கு வராது, பட்டைதான் வரும். அந்தக் காலத்தில் மெட்ராஸ் மாகாணத்துத் தோல் பெரும்பாலும் ஆவாரம்பட்டையில்தான் பதம் பட்டது. பட்டையில் துவர்ப்புச் சத்து அவ்வளவு. வண்டி வண்டியாகப் பட்டைக் கட்டு வந்து இறங்கும். அதை இடித்துத் தொட்டியில் ஊறவைத்து, தோலை நாள்கணக்கில் அதில் போட்டுப் புரட்டுவார்கள். கடைசியில் கடுக்காய்த் தண்ணீர். அப்படிப் பதனிட்ட தோல்தான் கப்பலில் லண்டனுக்குப் போனது. பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்து ஆவாரையைத் தள்ளிவிட்டது. வாட்டில் சீக்கிரம் பதப்படுத்தும் என்பார் தாத்தா, ஆனால் நிறம் ஆவாரைக்குத்தான் என்றும் கூடவே சொல்வார்.

உங்கள் வேலிக்குப் பயன்படும் ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவும். பட்டைக்காரர்கள் செடியை நிற்கவைத்துப் பட்டை உரிக்க மாட்டார்களாம். தரையோடு வெட்டி எடுத்துப் போய் உரிப்பார்கள். அடிக்கட்டை மறு மழையில் ஏழெட்டுக் கிளையாக வெடிக்கும். நின்ற செடியில் பட்டையைச் சுற்றி உரித்தால் செடி சாகும், வெட்டினால் சாகாது. ஆகவே உங்கள் வரிசை கோணலாக வளர்ந்தால் கைநடுங்காமல் அரிவாளை எடுங்கள்.

நொய்யல் கரை · 2 ஆகஸ்ட் 2023

அருமை. வேர்முடிச்சு விஷயத்தில் நான் தோற்றேன் என்பதையும் இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன். பிடுங்கிப் பார்த்தேன், வேர் வழுவழுவென்று இருந்தது.

தேரிக்காட்டான் · 22 அக்டோபர் 2023

நேற்று நல்ல மழை. இன்று காலை விதைத்துவிட்டேன். எழுபது அடியில் 24 இடம், இடத்துக்கு மூன்று விதை. நாசரேத் போகிற சாலையில் பறித்த காய். வெந்நீர் வைத்தியத்தில் பாதிக்கு மேல் ஊதின. மீதியை உப்புக்காகிதத்தில் தேய்த்ததில் என் விரல் தோலும் போயிற்று.

எரு போடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது.

தேரிக்காட்டான் · 4 நவம்பர் 2023

24 இடத்தில் 21-இல் முளைத்துவிட்டது! இரண்டு வித்திலையும் புளியங்கொட்டையைப் பிளந்த மாதிரித் தடித்து நிற்கின்றன. ஒரே பிரச்சினை, ஆடு. ஆவாரையை ஆடு தொடாது என்றுதானே எல்லோரும் சொல்கிறீர்கள்? இரண்டு நாற்றின் தலையைக் காணோம்.

நாற்றங்கால் · 4 நவம்பர் 2023

முற்றிய செடியை ஆடு மாடு பெரும்பாலும் மேயாது. நாற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தின்று பார்த்துத் துப்புகிற ஆட்டுக்கும் வாய் இருக்கிறது, மிதிக்கக் காலும் இருக்கிறது. முதல் ஆறு மாதம் உடைமுள்ளை வெட்டிச் சுற்றிலும் போட்டு வையுங்கள்.

தேரிக்காட்டான் · 29 டிசம்பர் 2023

கரண்டும் சிக்னலும் வந்து நான்கு நாள்தான் ஆகிறது, அதனால்தான் எழுதவில்லை. 17, 18 தேதிகளில் பெய்த மழை உங்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் வீட்டில் எல்லோரும் நலம். சுற்றுச்சுவர் ஒரு பக்கம் விழுந்தது, அவ்வளவுதான். தாமிரபரணிக் கரையில் உள்ளவர்கள் இழந்ததற்கு முன்னால் செடிக் கதை பேசக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் இந்த இழையில் சொல்ல வேண்டும்.

வரிசையின் கிழக்கு முனை குளத்து மறுகால் ஓடையை நோக்கிச் சரிந்திருக்கும். அங்கே ஏழு இடங்களில் ஆறு நாள் தண்ணீர் நின்றது. வடிந்தபோது ஏழும் கறுத்துச் சாய்ந்திருந்தன. மேற்கே மேட்டில் இருந்த 14-ம் ஒன்றுமே நடக்காதது போல நிற்கின்றன. மணல் மண் அவ்வளவு தண்ணீரையும் குடித்துவிட்டது.

நாற்றங்கால் · 30 டிசம்பர் 2023

நீங்கள் நலமாக இருப்பதே பெரிது.

வெயிலில் ஆறு மாதம் கிடக்கச் சொன்னால் கிடக்கும் செடி, நின்ற தண்ணீரில் ஒரு வாரம் தாங்காது. ஏழு இடத்துக்கும் ஒன்றரை அடி உயரத்துக்கு மண் அணைத்து வரப்பு போட்டுவிட்டு, அடுத்த ஐப்பசி வரை சும்மா இருங்கள்.

நொய்யல் கரை · 14 ஜனவரி 2024

இன்று எங்கள் பக்கம் காப்புக் கட்டு. ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கட்டி வாசலிலும் தொழுவத்திலும் காட்டிலும் செருகியாயிற்று. சந்தையில் சின்னக் கட்டு 20 ரூபாய். பூ விற்பவர்களைக் குறை சொல்லவில்லை, ஆனால் போகிற வழியில் ஆவாரங்கிளையை முறித்து இழுத்துக் கொண்டுபோகிற கார்க்காரர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. முறித்தால் பட்டை அடிவரை கிழிகிறது. கத்தரிக்கோலால் வெட்டினால் அதே இடத்தில் இரண்டு கிளை வருமே!

நான் தை முடிந்ததும் என் செடிகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுவேன். புதுத் தளிரின் நுனியில்தான் பூங்கொத்து வரும் என்பதால், வெட்டாத செடி உயரே போய்ப் பூக்கும், கைக்கு எட்டாது.

மன்னார் காற்று · 20 ஜனவரி 2024

வணக்கம். எங்கள் மன்னார் பக்கமும் வெள்ளை மணலில் இது தானாக நிற்கும். சிங்களத்தில் ரணவரா. அம்பாந்தோட்டைப் பக்கம் போனால் வழிக்கடைகளில் ரணவரா அவித்த குடிநீரைக் கருப்பட்டித் துண்டோடு தருவார்கள், வெயிலுக்கு நன்றாக இருக்கும். தேரிக்காட்டான் அண்ணைக்கு ஒரு சொல்: தடி வெட்டி நட்டு வளர்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நான் இருபது தடி நட்டேன். ஒன்றும் வேர் விடவில்லை.

பழனி அடிவாரம் · 3 பிப்ரவரி 2024

ஆவாரம்பூத் தூள் தினமும் குடித்தால் சர்க்கரை அடியோடு போய்விடும், மாத்திரையே வேண்டாம் என்கிறார்களே? "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று பழமொழியே இருக்கிறது.

மொட்டைமாடி மயில் · 3 பிப்ரவரி 2024

பழமொழியை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

தூள் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. நான் ஒரு கடையில் "ஆவாரை" என்று எழுதிய பாக்கெட்டை வாங்கி இரவு டீ போட்டுக் குடித்தேன். மறுநாள் முழுக்க வீட்டின் ஒரே ஓர் அறையில்தான் இருந்தேன். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் நிலாவாரை.

நாற்றங்கால் · 3 பிப்ரவரி 2024

நிலாவாரை பேதி மருந்து. தேரிக்காட்டான் ஊர்ப் பக்கத்துச் சரக்குதான். திருநெல்வேலி சென்னா என்று உலகம் முழுக்கப் போகிறது. பெயரில் உறவு, செடியிலும் உறவு, வயிற்றில் மட்டும் வேறு வேலை. பூ வேண்டுமென்றால் வளர்த்துப் பறித்து நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் வெளுத்து வைக்கோலாகிவிடும்.

மருந்துப் பேச்சை இதோடு விடுவோம், இது வளர்ப்பு இழை.

தேரிக்காட்டான் · 11 மே 2024

இரண்டு வாக்குமூலம்.

ஒன்று, ஐப்பசி வரை சும்மா இருக்கச் சொன்னதைக் கேட்கவில்லை. மாசியில் ஏழு வரப்பிலும் விதை போட்டு, தினமும் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினேன். ஆறு முளைத்து, இரண்டு மிஞ்சியிருக்கின்றன. மேட்டில் இருக்கும் 14-க்கும் பங்குனியிலிருந்து வாரம் ஒரு குடம் வீதம் ஊற்றினேன், இப்போது அதையும் நிறுத்திவிட்டேன். இடுப்புக்குக் கொஞ்சம் கீழே நிற்கின்றன.

இரண்டு, போன வாரம் நான்கு செடியில் இலையே இல்லை, ஈர்க்குதான் மிச்சம். பார்த்தால் பச்சைப் புழு. ஈர்க்கு மேல் நீட்டிப் படுத்திருந்தால் கண்ணுக்கே தெரியவில்லை. வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்துவிட்டேன்.

சிறகு · 11 மே 2024

ஐயோ அண்ணாச்சி, அது வண்ணத்துப்பூச்சிப் புழு! வெளிர் பச்சையும் மஞ்சளுமாக, மழைக்கு முன்னும் பின்னும் கூட்டம் கூட்டமாகச் சாலையைக் கடந்து பறந்து போகுமே, அது முட்டையிடுவது ஆவாரை, கொன்றை, தகரை மாதிரிச் செடிகளில்தான். சின்ன மஞ்சள் பூச்சி ஒன்றும் இதே இலையைத்தான் தேடி வரும். அடித்த செடி போகட்டும், மற்றதைத் தொடாதீர்கள். புழு இரண்டு மூன்று வாரத்தில் கூட்டுப்புழுவாகி, இலைக்கடியில் இடுப்பில் ஒரு நூலைக் கட்டிக்கொண்டு தொங்கும். செடி சாகாது, மறுபடி தளிர்க்கும்.

தேரிக்காட்டான் · 12 மே 2024

தெரியாமல் செய்துவிட்டேன். நேற்று மாலை தேடிப் பார்த்ததில் மேற்குக் கடைசிச் செடியில் மூன்று கூடு தொங்குகிறது. பேத்திக்குக் காட்டினேன். பள்ளி விடுமுறை என்பதால் காலையிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். இனி அடிக்க நானே நினைத்தாலும் அவள் விடமாட்டாள்.

மொட்டைமாடி மயில் · 18 ஆகஸ்ட் 2024

என் வாளிச் செடி பற்றி ஒரு தகவல். வெட்டினேன், பஞ்சகவ்யத்தை நிறுத்தினேன், பக்கத் துளை போட்டேன். இப்போது மூன்றரை அடி, பதினொரு கொத்துப் பூ. ஆனால் காயே பிடிக்கவில்லை. விதை எடுக்க ஆசை.

சிறகு · 18 ஆகஸ்ட் 2024

உங்கள் மாடிக்குக் கருவண்டு வருகிறதா? மூங்கிலையும் காய்ந்த மரத்தையும் துளைத்துக் கூடு வைக்கிற, பளபளவென்ற பெரிய கறுப்பு வண்டு. உண்மையில் அது தேனீ இனம். ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான் கூலி. அந்த மகரந்தப் பையும் மற்றப் பூக்களைப் போலப் பிளந்து கொட்டாது. நுனியில் சின்னத் துளை மட்டும், உப்பு ஜாடி மாதிரி. கருவண்டு பூவைக் கட்டிப் பிடித்து உடம்பை அதிரவைத்து 'ர்ர்ர்' என்று முரலும்போதுதான் துளை வழியாகப் பொடி தெறிக்கும். காது கொடுத்தால் கேட்கலாம். நான்காவது மாடிக்கு அது வராமல் இருப்பது காரணமாக இருக்கலாம். ஒரு காய்ந்த முருங்கைக் கட்டையோ மூங்கில் துண்டோ மாடி மூலையில் சாத்தி வைத்துப் பாருங்கள்.

செகந்திராபாத் வாசி · 19 ஆகஸ்ட் 2024

மாடிக் கதவின் மரச்சட்டத்தைத் துளைத்தால் என்னைத் திட்டாதீர்கள் என்று சிறகு சார்பில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

தேரிக்காட்டான் · 17 நவம்பர் 2024

பூத்துவிட்டது.

மேட்டில் இருக்கும் 14-இல் ஒன்பது செடிகள். முதல் கொத்து ஐப்பசி கடைசியில் வந்தது, இந்த வாரம் மழை விட்டதும் வரிசை முழுக்க மஞ்சள். வேப்பெண்ணெய் வாங்கிய நான்கும் பின்தங்கி நிற்கின்றன. பெரியம்மா வந்தார். எதுவும் கேட்காமல் நேரே இலைக்காம்பின் அடியைப் பார்த்தார். அவருக்கும் அந்தக் காது தெரிந்திருக்கிறது; ஒரு வருடம் முன்பே சொல்லியிருக்கலாம். பிறகு ஒரு கொத்தைக் கிள்ளித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

காலை எட்டு மணிக்குக் கருவண்டு வருகிறது. சிறகு சொன்ன சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் வரை கேட்கிறது.

நர்சரியில் வாங்கிய பன்னிரண்டை என்ன செய்வது என்று தெரியவில்லை. அவையும் நன்றாகத்தான் பூக்கின்றன.

நாற்றங்கால் · 17 நவம்பர் 2024

இருக்கட்டும், காய் விட்டதும் மட்டும் வெட்டிவிடுங்கள். நீலகிரிக் காட்டில் வெளிநாட்டு மஞ்சள் சென்னா ஒன்று பரவி, அரசு மரம் மரமாக வெட்டி எடுத்துக்கொண்டிருக்கிறது. உங்களுடையது அதே வகை என்று சொல்லவில்லை, ஆனால் பெயர் தெரியாத செடியின் விதையை ஓடைக்கு அனுப்ப வேண்டாம்.

கிழக்கே காலியாக இருக்கும் ஐந்து இடத்துக்கும் இந்த மழையிலேயே விதை போட்டுவிட்டீர்களா?

தேரிக்காட்டான் · 17 நவம்பர் 2024

போன மாதமே போட்டாயிற்று ஐயா. நான்கு முளைத்திருக்கிறது. தண்ணீர் ஊற்றவில்லை, சத்தியம்.

பழனி அடிவாரம் · 18 நவம்பர் 2024

எனக்குக் கொஞ்சம் விதை அனுப்ப முடியுமா? தபால் செலவை நான் தந்துவிடுகிறேன்.

தேரிக்காட்டான் · 18 நவம்பர் 2024

காய் இப்போதுதான் பச்சையாக, அரிவாள் நுனி மாதிரி வளைந்து எட்டிப் பார்க்கிறது. மாசிக்கு மேல் கேளுங்கள், உறையில் போட்டு அனுப்புகிறேன். உப்புக்காகிதம் மட்டும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.